வாடை எழும்பிய பிறகும் போனோம்

சீமெந்துப் பையின் உள்தாள் அது. கபில நிறம், ஓரங்கள் கையால் கிழிக்கப்பட்டவை. தச்சர்கள் பலகையில் அடையாளம் போடும் தட்டைப் பென்சிலால் கீழிருந்து மேலாக ஒரு நீண்ட வளைகோடு இழுக்கப்பட்டிருந்தது. கோட்டின் வலப்பக்கம் முழுவதற்கும் 'கடல்' என்ற ஒரே சொல். இடப்பக்கத்தில் ஊர்கள். அடியில் கல்முனை, அதற்கு மேலே மட்டக்களப்பு, வாழைச்சேனை, வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா, உச்சியில் திருகோணமலை. ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையில் எத்தனை கிலோமீற்றர், வான் வண்டியில் போனால் எவ்வளவு நேரம், எந்தப் பள்ளிவாசலில் பெண்கள் தொழ இடமிருக்கிறது, எங்கே சாப்பிடலாம் என்று பொடி எழுத்தில் குறிப்புகள். எல்லாவற்றுக்கும் கீழே, மற்ற எழுத்துகளைவிடப் பெரிதாக, இரண்டு தரம் அடிக்கோடு போட்டு ஒரு வரி: "மாசிக்கும் புரட்டாதிக்கும் இடையில் மட்டும்."

எழுதியவர் என் காக்கா. எனக்கு ஏழு வயது மூத்த ஒரே அண்ணன். கட்டாரில், பாதி எழும்பிய ஒரு மாடிக் கட்டடத்தில், பகல் சாப்பாட்டு நேரத்தில் நிழலில் குந்தியிருந்து அதை எழுதியதாகச் சொன்னார். கூட வேலை செய்த கிண்ணியாக்காரர் ஒருவரிடமும் வாழைச்சேனைக்காரர் ஒருவரிடமும் கேட்டுக் கேட்டுத் தூரங்களைப் போட்டிருந்தார். கைத்தொலைபேசியில் தட்டினால் வந்துவிடும் விஷயங்கள்தான். ஆனால் அந்தப் பாதையில் நடந்து திரிந்த ஆட்களின் வாயிலிருந்து கேட்டால்தான் அவருக்கு நம்பிக்கை.

அந்தப் பாதையின் மேல் அவருக்கு அப்படியோர் ஆசை வந்ததற்கு வாப்பாதான் காரணம். வாப்பா கல்யாணத்துக்கு முன் நெல் லொறிகளில் திருகோணமலைக்குப் போய்வந்தவர். நிந்தவூரில் எங்கள் சின்ன வீட்டில் பகல் சோறு தின்றுவிட்டுப் பாயில் சாயும்போது அந்த ஊரைப் பற்றிச் சொல்லுவார். டவுனுக்குள்ளேயே மான்கள் மாடு மாதிரித் திரியும், கன்னியாவில் ஏழு கிணறு, ஏழிலும் ஏழு விதமான சூடு, துறைமுகத்தில் நிற்கிற கப்பலைப் பார்த்தால் நம்முடைய ஊர்ப் பள்ளிவாசலைவிட உயரம் என்பார். "ரோட்டுத் திறந்த உடன உங்க ரெண்டு பேரையும் கூட்டிப் போவன்" என்று முடிப்பார். ரோட்டுத் திறக்கவில்லை. நாங்கள் வளர்ந்த காலமெல்லாம் வாழைச்சேனைக்கு அப்பால் அந்தக் கரைப்பாதை சண்டைக்குள் கிடந்தது. சண்டை முடிந்து, பாலங்கள் போட்டு, தார் ஊற்றிப் பஸ் ஓடத் தொடங்கிய நேரத்தில் வாப்பா மவுத்தாகி மண்ணுக்குள் போய்விட்டிருந்தார். காக்கா வெளிநாட்டில் இருந்தார்.

எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை கல்யாணம் முடித்தால் பெண்ணின் வீட்டில்தான் குடியிருப்பான். காக்கா மருதமுனையில் முடித்தார். இரண்டும் பெண்பிள்ளைகள். ஒவ்வொரு மகளுக்கும் ஒவ்வொரு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும் என்பது இங்கே எழுதப்படாத சட்டம். அந்த இரண்டு வீடுகளுக்காகப் பதினெட்டு வருடம் அவர் கட்டாரில் கம்பி கட்டினார். இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் நாற்பத்தைந்து நாள் விடுமுறை. அந்த நாற்பத்தைந்து நாளும் எப்போதும் கார்த்திகை மார்கழியில்தான் விழும். அங்கே குளிர் தொடங்கி வேலை குறைகிற மாதம் அது. அதனால் கம்பனி அப்போதுதான் விடும். இங்கே அதே மாதங்களில்தான் வடகிழக்கிலிருந்து வீசும் வாடையோடு மழை கொட்டும். ரோட்டின் தாழ்ந்த இடமெல்லாம் தண்ணீருக்குள் போகும்.

அப்படியும் ஒரு மார்கழியில் வான் பிடித்துக்கொண்டு கிளம்பினார். கல்லடிப் பாலம் தாண்ட முன்னமே வாகரைப் பக்கம் பாதை மூடிவிட்டதென்று செய்தி வந்தது. திரும்பி வந்தார்கள். அப்போது மூத்தவளுக்கு எட்டு வயது, இளையவள் மடியில். மற்ற விடுமுறைகளில் அவர் விறாந்தையில் கதிரை போட்டுக்கொண்டு மழையைப் பார்த்தபடி இருந்துவிட்டுத் திரும்பிப் போவார். ஒருமுறை ஆனி மாதத்தில் விடுமுறை கேட்டுப் பார்த்திருக்கிறார். எஞ்சினியர் சிரித்துவிட்டு, உனக்குப் பதில் ஆயிரம் பேர் நிற்கிறார்கள் என்றானாம். அதை எனக்குச் சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். அதன் பிறகு எந்த வாரமும் அழைப்பெடுத்தால் சலாத்துக்கு அடுத்த கேள்வி, அங்கே வானம் எப்படி என்பதுதான். எத்தனையாம் திகதி முதல் மழை, எந்தக் கிழமை தென்மேற்குக் கச்சான் காற்று விட்டு வாடை தொடங்கிற்று என்றெல்லாம் கேட்டுக் குறித்துக்கொள்வார். நான் ஆசிரியை. பாடத்திட்டம், தவணைப் பரீட்சை என்று ஓடுகிறவள். பாதி நாள் நினைவில் வந்ததைச் சொல்லிவைப்பேன்.

நாற்பத்தொன்பதாவது வயதில் அவரை அனுப்பிவிட்டார்கள். கால் வீங்கி, வாந்தி எடுத்து, வேலைத்தளத்தில் விழுந்தபோது அங்குள்ள டொக்டர்தான் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டதென்று சொன்னார். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்த மனிதரை நான் கடந்துபோய், பின்னால் வரும் கூட்டத்தில் காக்காவைத் தேடிக்கொண்டு நின்றேன். "புள்ள" என்று அவர்தான் கூப்பிட்டார். முகம் ஊதி, நிறம் மண் நிறமாகிக் கிடந்தது.

இங்கே டொக்டர் விசாரித்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். வெயிலில் வேலை செய்த இடத்தில் தண்ணீர் தந்தார்களா என்று கேட்டார். தந்தார்கள் என்றார் காக்கா. பிறகு ஏன் குடிக்கவில்லை என்றதற்கு அவர் சொன்ன பதில் இன்றைக்கும் என் காதில் அப்படியே இருக்கிறது. "குடிச்சா ஒண்டுக்குப் போகோணும். போறதெண்டா பதினொரு மாடி இறங்கோணும். இறங்கினா ஃபோர்மன் பாப்பான். அதனால குடிக்கிறல்ல." குற்றம் சொல்லும் குரலே இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டவனுக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னார்.

அதன் பிறகு அவருடைய கிழமை இரண்டு நாட்களால் ஆனது. செவ்வாயும் வெள்ளியும் டயலிசிஸ். காலையில் போனால் நான்கு மணித்தியாலம் மெஷினில் படுக்க வேண்டும். இரத்தம் வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்பி வரும். அதற்காக இடக்கையில் இரண்டு இரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்த இடம் புடைத்து, தொட்டால் உள்ளே ஏதோ ஓடுகிற மாதிரி அதிரும். அப்போது பன்னிரண்டு வயதான இளையவள் அதில் காதை வைத்துக் கேட்பாள். குடிக்கிற தண்ணீருக்கும் அளவு இருந்தது. காலையில் ஒரு சின்னப் போத்தலில் அளந்து வைத்ததுதான் முழு நாளுக்கும். மருந்து விழுங்குவதும் தேநீரும் அதற்குள்ளேதான். வெயில் நேரத்தில் ஐஸ்கட்டித் துண்டை வாயில் வைத்துக்கொண்டு இருப்பார். தங்கள் வாப்பாவுக்கு முன்னால் தண்ணீர் குடிக்கக் கூடாதென்று பிள்ளைகள் குசினிக்குள் போய், சுவர்ப்பக்கம் திரும்பி நின்று குடிப்பார்கள். காக்காவின் மனைவி, என் மதினி, சோற்றில் உப்புப் போடுவதை விட்டார். அந்த வீட்டில் எல்லோரும் உப்பில்லாமல் தின்றார்கள்.

திரும்பி வந்து மூன்று மாதம் கழித்து ஒரு நாள், மெஷினில் படுத்தபடியே அவர் அந்தச் சீமெந்துத் தாளை என்னிடம் காட்டினார். பின்பக்கத்தில் புதிதாக எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை டயலிசிஸ் முடிந்துவிடும். சனி விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டுக் கிளம்பினால் பகலைக்குத் திருகோணமலை. ஞாயிறு முழுக்க அங்கே. திங்கள் காலை கிளம்பிப் பின்னேரம் வீடு. செவ்வாய் காலை மெஷின். வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் இடையில் உள்ளதுதான் கிழமையின் நீண்ட இடைவெளி. அதைத்தான் அவர் பிடித்திருந்தார். மாதம் ஆவணி. அப்போது அந்தப் பக்கத்துக் கடல் தகடு மாதிரிக் கிடக்கும், பிள்ளைகள் பயமில்லாமல் இறங்கலாம் என்றார். டொக்டரிடம் கேட்டோம். தண்ணீரிலும் உப்பிலும் கவனமாக இருந்தால் போகலாம், ஆனால் செவ்வாயைத் தவற விடவே கூடாது என்று இரண்டு தரம் சொன்னார். பதினெட்டு வருடத்தில் தனக்கென்று எதுவும் கேட்காத ஆள் கேட்ட ஒரே விஷயம் அது. மதினி உடனே ஓம் என்றார்.

தள்ளிப்போட்டது நான்தான். இதை நான் எங்கேயாவது சொல்லித்தான் ஆக வேண்டும். ஆவணியில் எனக்கு ஒரு பயிற்சிநெறி வந்தது. அதற்குப் போனால் பதவியுயர்வுக்கு உதவும். நீங்கள் போய்வாருங்கள் என்றேன். ஆஸ்பத்திரி விஷயம் தெரிந்த ஒருவர் கூட வர வேண்டும், நீ இல்லாமல் எப்படி என்றார் காக்கா. புரட்டாதிக்கு மாற்றினோம். புரட்டாதியில் பாடசாலைக்கு அதிகாரிகள் பார்வையிட வரும் திகதி விழுந்தது. மறுபடியும் நான்தான் அழைப்பெடுத்து, இன்னும் ஐந்து கிழமை பொறுங்கள், பௌர்ணமிப் போயா விடுமுறை திங்கட்கிழமையில் வருகிறது, அப்போது லீவு எடுக்காமலே வரலாம் என்றேன். "அது ஐப்பசி கடைசி, புள்ள" என்றார். போன வருடம் ஐப்பசி முழுக்க வெயில்தானே காய்ந்தது என்று நான் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. நோய் வந்த பிறகு அவர் யாரையும் மறுப்பதில்லை. ஒரு வேலையும் செய்யாமல் இருக்கிற ஆள், மற்றவர்களுடைய வசதியைக் கெடுக்கக் கூடாதென்ற எண்ணம் அவருக்குள் வந்துவிட்டிருந்தது. அதை நான் கண்டுகொண்டிருந்தேன். கண்டும் அதைப் பயன்படுத்திக்கொண்டேன்.

சாய்ந்தமருதில் வான் வாடகைக்குப் பிடித்தோம். ஓட்டுநர் நடுத்தர வயதுக்காரர், அதிகம் கதைக்காதவர். என் வீட்டுக்காரர் வயலில் விதைப்பென்று வரவில்லை. காக்கா, மதினி, இரண்டு பிள்ளைகள், நான். சுபஹ் தொழுத கையோடு கிளம்பினோம். காக்கா முன் சீற்றில் இருந்தார். மட்டக்களப்பைத் தாண்டியதும் அவருடைய பேச்சு கூடியது. இந்த இடத்தில் வாப்பாவின் லொறிக்கு ரயர் போனது, இந்தச் சந்தியில் அவர் மரவள்ளிக்கிழங்கு வாங்கித் தின்பார் என்று, தான் ஒருநாளும் பார்த்திராத இடங்களைக் காட்டிக்கொண்டு வந்தார். மூத்தவள் அதையெல்லாம் கைத்தொலைபேசியில் படமெடுத்தாள். வாழைச்சேனைக்கு அப்பால் மதினியும் இளையவளும் நித்திரையானார்கள்.

பனிச்சங்கேணிப் பாலத்தில் காக்கா வானை நிறுத்தச் சொன்னார். ஒரு பக்கம் களப்பின் தேங்கிய உப்புநீர், மறுபக்கம் கடலுக்குப் போகிற வாய். மூத்தவள் படமெடுக்கப் பாலத்தின் மறுகரை வரைக்கும் நடந்து போனாள். ஓட்டுநர் இறங்கிச் சக்கரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். காக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வடகிழக்குப் பக்கம் பார்த்தபடி நின்றார். மேகம் ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் களப்புத் தண்ணீர் எங்கள் பக்கமாகச் சின்னச் சின்ன அலையாக ஓடி வந்துகொண்டிருந்தது. அவருடைய சட்டை முதுகோடு ஒட்டாமல் முன்பக்கம் ஒட்டிக் கிடந்தது.

"வாடை எழும்பிட்டு புள்ள" என்றார். "இதோட திரும்புவம். மட்டக்களப்பில பிள்ளையளுக்கு என்னமும் வாங்கிக் குடுத்துட்டு ஊட்ட போவம்."

நான் கைத்தொலைபேசியை எடுத்து வானிலையைக் காட்டினேன். ஞாயிறு வெயில், திங்கள் இலேசான மழை என்று இருந்தது. இவ்வளவு தூரம் வந்துவிட்டுத் திரும்பினால் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டேன். அவர் மறுகரையில் நின்ற மூத்தவளைப் பார்த்தார். அவள் கையை ஆட்டினாள். "நீங்க சும்மா பயப்படுறீங்க காக்கா" என்றேன். வாயில் வந்ததைத்தான் சொன்னேன். ஆனால் அந்தச் சொல் அவரை எங்கே தொட்டதென்று அப்போதே எனக்குத் தெரிந்தது. பயந்தவன் என்று பேரெடுக்காத ஆள் அவர். ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, "அப்ப சரி" என்று போய் வானில் ஏறினார். அதைப் பற்றி அவர் மதினியிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

திருகோணமலையில் நல்ல நேரம் என்று சொல்ல ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஒன்றரை மணித்தியாலம் கிடைத்தது. உப்புவெளிக் கரையில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் அவரை இருத்திவிட்டுப் பிள்ளைகள் தண்ணீரில் இறங்கினார்கள். கடல் தகடு மாதிரி இல்லை. கலங்கி, கரையை இழுத்துக்கொண்டிருந்தது. முழங்காலுக்கு மேல் போக வேண்டாமென்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த சந்தோஷம் இல்லை. பிள்ளைகளையும் பார்க்கவில்லை, கடலையும் பார்க்கவில்லை. கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வருவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பதரைக்கு மழை விழுந்தது. அதன் பிறகு விடவில்லை. மான்களைப் பார்த்தோம், ஒரு கடையின் தகரத் தாழ்வாரத்துக்குக் கீழே நனைந்து ஒடுங்கி நின்ற நாலைந்து மான்கள். கன்னியாவுக்குப் போகவில்லை.

திங்கட்கிழமை விடிய முன்னமே ஓட்டுநர் தனக்குத் தெரிந்தவர்களுக்கு அழைப்பெடுத்துப் பாதை எப்படி என்று கேட்டார். கரைப்பாதையில் பஸ் ஓடுகிறது, வெருகலில் தண்ணீர் ஏறுகிறது, வெள்ளனக் கிளம்பினால் தாண்டலாம் என்றார்கள். ஹபரணை வழியாகச் சுற்றிப் போகலாமா என்று காக்கா கேட்டார். அந்தப் பாதையில் மன்னம்பிட்டியில் ரோட்டை ஏற்கெனவே மூடிவிட்டார்கள் என்று பதில் வந்தது. கிளம்பினோம். கிண்ணியா, மூதூர் எல்லாம் மழைக்குள்ளே கடந்தோம். வெருகலுக்கு இரண்டு மூன்று கிலோமீற்றர் இருக்கும்போது முன்னால் வாகனங்கள் நின்றன. ரோட்டு இருந்த இடத்தில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மணித்தியாலம் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பினோம். காலையில் சக்கரம் மட்டும் நனைந்த இடத்தில் இப்போது இடுப்பளவுத் தண்ணீர். இரண்டு தண்ணீருக்கும் நடுவே ஒரு மேட்டில் இருந்த பாடசாலைக்கு ஊர்ச்சனங்கள் வந்துகொண்டிருந்தார்கள். எங்களையும் அங்கே கூட்டிக்கொண்டு போனார்கள். எங்களைப்போல முஸ்லிம்கள் அல்ல, தமிழ் ஆட்கள். மீன்பிடிக்கிற குடும்பங்கள். நோயாளி என்றதும் ஒரு வகுப்பறையில் நாலு வாங்குப் பலகைகளைச் சேர்த்து, மேலே பாய் விரித்துக் கொடுத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் அங்கேதான் இருந்தோம். காலையில் அவர் மெஷினில் படுக்க வேண்டிய நேரம் வந்தது, கடந்தது. எல்லோரும் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தோம். நான் தெரிந்த எல்லா இலக்கங்களுக்கும் அழைப்பெடுத்தேன். படகு வருகிறது என்றார்கள், காற்றில் படகு இறக்க முடியாது என்றார்கள், விடிந்ததும் பார்ப்போம் என்றார்கள். பின்னேரம் ஆனதும் காக்காவால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு அடைத்தது. உடம்பு வெளியே தள்ள முடியாத தண்ணீர் நெஞ்சுக்குள் ஏறுகிறதென்று எனக்குத் தெரியும். டொக்டர் சொல்லித் தந்திருந்தார். சுவரில் சாய்ந்து, கால்களைத் தொங்கவிட்டு இருந்தார். மதினி முதுகைத் தடவிக்கொண்டே ஓதினார். அந்த ஊர்ப் பெண் ஒருத்தி தேநீர் கொண்டு வந்து தந்தபோது, வேண்டாம் என்று மூத்தவள் கையைக் காட்டினாள். நோயாளிக்குத் தேநீர் கூடக் கொடுக்காத பிள்ளைகளா என்று அந்தப் பெண் எங்களைப் பார்த்த பார்வைக்கு விளக்கம் சொல்ல எங்களிடம் தெம்பு இருக்கவில்லை.

புதன் காலையில் உயரச் சக்கர ட்ரக்டர் ஒன்று வந்தது. பெட்டியில் மெத்தை போட்டு அவரை இருத்தி, மழைத்தாளால் மூடி, வெருகலைத் தாண்டினோம். தண்ணீர் பெட்டிக்குள் வந்தது. மதினி அவரைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். நடு ஆற்றில் ட்ரக்டர் ஒரு தரம் நின்று இழுத்தபோது அவர் கண்ணைத் திறந்து என்னைத் தேடினார். நான் கிட்டப் போய்க் குனிந்தேன். ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். திட்டினால் கூடப் போதும் என்று இருந்தது. "பிள்ளையள் நனையுதுகள்" என்றார். அவ்வளவுதான். மறுகரையில் அம்புலன்ஸ் நின்றது. ஆஸ்பத்திரியில் உடனே மெஷினில் போட்டார்கள். அவர்களால் முடிந்த எல்லாம் செய்தார்கள். இருதயம் தாங்கவில்லை. வியாழக்கிழமை பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தபோது காக்கா மவுத்தானார். மருதமுனை மையவாடியில் மண் ஊறிக் கிடந்தது. கபுறுக் குழிக்குள் ஊறிய தண்ணீரை வாளியால் இறைத்துவிட்டு அடக்கினார்கள் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அதை அவர் எனக்குச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

வந்தவர்கள் எல்லோரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள்: அல்லாஹ்வின் நாட்டம். மழையை யார் தடுக்கலாம், பாதையை யார் மூடினார்கள், கடைசியாக அவருடைய ஆசை நிறைவேறியதே என்றார்கள். அந்தக் கடைசி வார்த்தைதான் என்னால் தாங்க முடியாதது. எந்த ஆசை நிறைவேறியது? கலங்கிய கடலும் நனைந்த மான்களும் பார்க்கவா அவர் பதினெட்டு வருடம் மாதங்களை எண்ணினார்? ஒவ்வொரு வருடமும் நான் கவனமில்லாமல் சொன்ன மழைத் திகதிகளை அவர் அவ்வளவு பொறுப்பாகக் குறித்துவைத்தது, கடைசியில் நான் சொன்ன ஒரு திகதியில் அந்த மழைக்குள் போய் விழுவதற்காகவா? தொழுகையில் நின்றால் இந்தக் கேள்விகள்தான் வருகின்றன. பாவமன்னிப்புக் கேட்கிறேன். கேட்டுவிட்டு எழும்பும்போது நெஞ்சுப் பாரம் இறங்குவதில்லை. பதவியுயர்வு வந்தது. கடிதத்தை யாருக்கும் காட்டாமல் அலுமாரிக்குள் வைத்தேன்.

மதினி வெளியே இறங்காமல் கணவனுக்காக இத்தா இருந்த நாலு மாதமும் பத்து நாளும் நான் ஒவ்வொரு வெள்ளியும் போனேன். அதன் பிறகும் போனேன். அந்த வீட்டில் சோற்றில் உப்புப் போடத் தொடங்கியிருந்தார்கள். மூத்தவளுக்கு மாப்பிள்ளை பேசி வந்தது. இளையவள் மாமி, மாமி என்று என் தோளில்தான் சாய்ந்து படிப்பாள். மதினி எனக்குப் பிடித்த தொதல் கிண்டி வைத்திருப்பார். பள்ளிக்கூடம், பிள்ளைகள், சாமான் விலை என்று கதைப்போம். ஒவ்வொரு முறையும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று போவேன். சொல்லாமல் வருவேன். அவர் அன்பாக இருக்க இருக்க எனக்குக் களவாடியதைத் தின்கிற மாதிரி இருந்தது.

இந்த ஐப்பசியில், மூன்று கிழமைக்கு முன், சொன்னேன். பின்னேரம். மதினி முற்றத்துக் கொடியில் காய்ந்த உடுப்புகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார். இளையவள் உள்ளே மேசையில் படித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் திறந்திருந்தது. அதை நான் யோசிக்கவில்லை.

"மதினி, போன வருசம் போகக்குள்ள காக்கா திரும்புவம் எண்டு சொன்னவர்" என்றேன். "நான்தான் வேணாமெண்ட."

அவருடைய கை நின்றது. ஒரு சாரத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "எந்த இடத்தில?"

"பனிச்சங்கேணிப் பாலத்தில. வாடை எழும்பிட்டு எண்டார்."

"நான் எங்க நிண்ட?"

"நீங்களும் சின்னவளும் வானுக்குள்ள நித்திரை."

அவர் அந்தச் சாரத்தை மடிக்கத் தொடங்கினார். மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "அவர் என்னை எழுப்பல்லையா?" என்றார். அவர் எழுப்பவில்லை, நான் பயப்படுகிறீர்கள் என்று சொன்னதும் பேசாமல் வானில் ஏறிவிட்டார் என்றேன். சொல்ல வேண்டியதை முழுக்கச் சொன்னேன். பயிற்சிநெறியையும் சொன்னேன். புரட்டாதியில் தள்ளிப்போட்டதற்குப் பாடசாலைதான் காரணம் என்று அப்போது சொன்னது பாதிதான் உண்மை, லீவு வீணாகுமே என்ற எண்ணமும் இருந்தது என்பதையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"அந்தப் பாலத்திலிருந்து ஊட்ட வாறதெண்டா எவ்வளவு நேரம்கா?" என்று கேட்டார்.

"ரெண்டு, ரெண்டரை மணித்தியாலம்."

அவர் கணக்குப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. "அப்ப பகல் லுஹருக்கு முந்தி வந்திரிப்பம்" என்றார்.

அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. மடித்த உடுப்புகளை அள்ளிக்கொண்டு உள்ளே போனார். அறைக்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நான் முற்றத்துக் கதிரையில் இருந்தேன். பொழுது பட்டு மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். அவர் வரவில்லை. இனி வராதே என்று அவர் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. எழும்பிப் போய்க் கேற்றடியில் செருப்பைப் போட்டேன். ஜன்னலில் இளையவளின் தலை தெரிந்தது. அவள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். போயிற்று வாறேன் மகள் என்றேன். அவள் கொப்பியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் ரோட்டுக்கு இறங்கிய பிறகு, அவள் எழும்பி வந்து முன்கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போடுவது கேட்டது.